நான்காம் வீட்டில் குடியிருப்பவர்

எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில், இப்போதுதான் யாரோ குளித்துவிட்டுப் போனதுபோல் சோப்பு வாசனை அடித்தது.

கெர்ரின் ஜன்னலைத் திறந்தாள். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகர வானம் கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. வெக்கையில் தகரக் கூரை முறுமுறுத்தது. கீழ்வீட்டில் வெங்காயம் வதங்கும் மணமும் தொலைக்காட்சியின் சிரிப்பொலியும் மாடிப்படி ஏறி வந்து, என்னவோ இந்த வாசலோடு நின்றுவிட்டன.

நான்கு வாடகை வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தை வாங்க நேற்று கையெழுத்துப் போட்டிருந்தாள். இன்று மாலை ஐந்து மணியிலிருந்து அதற்கு எது நேர்ந்தாலும் அவள் தலையில்தான். பள்ளி ஆய்வகத்தில் இருபது வருடம் குடுவை கழுவிச் சேர்த்தது மொத்தமும் அதில் இருந்தது. புயல் வருகிறது என்று இரண்டு காப்பீட்டு நிறுவனங்கள் கையை விரித்துவிட்டன.

மணி நாலு ஐம்பத்தைந்து.

"வானம் கறுத்தாத்தான் எங்க ஞாபகம் வருது உங்களுக்கெல்லாம்," என்று போனில் சிரித்தாள் மூன்றாவது நிறுவனத்து கிளெனிஸ். "சரி, சொல்லும்மா. நாலு வீட்லயும் ஆள் இருக்காங்களா? ரெண்டு மாசத்துக்கு மேல ஒண்ணு காலியா கெடந்தாலும் நாங்க எடுக்க மாட்டோம்."

கெர்ரின் தான் நின்றிருந்த நாலாம் வீட்டின் வெறுந்தரையைப் பார்த்தாள். "இருக்காங்க."

"நாலாம் நம்பர்ல?"

"ஒரு வயசான அம்மா. எட்னா." பெயர் தானாக வந்தது.

"தனியாவா?"

"தனியாத்தான்."

மூடியிருந்த குளியலறைக்குள் ஈரமான எதுவோ தரையில் பட்டது.

தண்ணீர் இணைப்பையே துண்டித்த வீடு. எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"மாடி வீடாச்சே. நெருப்பு கிருப்புன்னா எறங்கி நடப்பாங்களா?"

"நடப்பாங்க."

ஓர் அடி. கொஞ்சம் இடைவெளி. இன்னோர் அடி. வெறுங்கால்.

"புகை மணி அடிச்சா காது கேக்குமா? எங்க மாமியார் மாதிரி இல்லையே? அவங்களுக்கு வேண்டியது மட்டும்தான் கேக்கும்."

"நல்லாக் கேக்கும்," என்றாள் கெர்ரின். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

அடிகள் நின்றன. கதவுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. யாரோ கூர்ந்து கேட்கும்போது மட்டும் வரும் அமைதி.

அவள் வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்தாள்.

"சாவி ஒண்ணு அவங்ககிட்டயும் இருக்கா?"

"ம்... இருக்கு."

முதுகுக்குப் பின்னால் வாசல் பூட்டு தானாகத் திரும்பியது. கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை.

"கிளெனிஸ்." கைப்பிடியை இன்னொரு முறை இழுத்தாள். "நான் பொய் சொல்லிட்டேன். இங்க யாரும் இல்ல. எட்னான்னு ஒரு ஆளே இல்ல."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "அட கடவுளே. மணி நாலு ஐம்பத்தெட்டும்மா. எட்னா பேர அழிச்சுட்டா பாலிசியே போச்சு, இன்னிக்குத் திரும்பப் போட முடியாது. அழிச்சிடவா?"

வெளியே முதல் காற்று இறங்கியது. எதிர்க் கட்டடத்துக் கூரையிலிருந்து ஒரு தகரம் பிய்ந்து, காகிதம்போல் தெருவைத் தாண்டிப் பறந்தது. இருபது வருடம்.

குளியலறைக் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.

அழிக்கச் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

"வேண்டாம்," என்றாள் கெர்ரின். "இருக்காங்க. எட்னா இருக்காங்க."

"அப்படிச் சொல்லு. இதோ, பதிஞ்சாச்சு. இனிமே கவலையில்ல. இன்னும் நாலஞ்சு கேள்விதான் பாக்கி. அவசரமில்ல, மெதுவாச் சொல்லு."

கதவு திறந்தது.

ஒரு கிழவி. நடப்பதற்குக் கால்கள். கையில் சாவி. நரைத்த முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தலையின் இருபுறமும் இரண்டு காதுகள். அவற்றுக்கு நடுவே, கெர்ரின் இன்னும் எதுவும் சொல்லாத இடத்தில், எதுவும் இல்லை. கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. முட்டைபோல் வழுவழுத்த ஈரத்தோல்.

அது அவள் பக்கத்தில் வந்து நின்றது. தலையைச் சாய்த்து, ஒரு காதைப் போனோடு ஒட்டி வைத்து, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தது.