பத்தாம் எண்ணில் ஒன்றுமில்லை

அரித்தது பத்தாம் எண். ஒவ்வாமைச் சோதனைக்காகப் பால், முட்டை, கோதுமை என்று ஒன்பது உணவுகளைக் களிம்பாக்கி, சட்டைப் பொத்தான் அளவுக் கிண்ணிகளில் அடைத்து, அவள் முதுகில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார் நர்ஸ். பத்தாவது வெறும் கிண்ணி. மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைப்பது.

உணவு இருக்கிற ஒன்பதும் சும்மா கிடக்க, ஒன்றுமே இல்லாதது அரித்தால் யாரிடம் போய்ச் சொல்வது? கிளினிக்குக்குப் போன் செய்தாள். மூன்றாவது முறைதான் ஆள் கிடைத்தது.

"அதுல ஒண்ணுமே இல்லையே மேடம், எப்படி அரிக்கும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

"நாளை மதியம் வரைக்கும் பொறுத்துக்குங்க. இப்பப் பிச்சீங்கன்னா டெஸ்ட் வீண். அடுத்த தேதி நாலு மாசம் கழிச்சுதான்."

நாலு மாதமா! ஏற்கெனவே எட்டு மாதமாக அவித்த உருளைக்கிழங்கும் உப்பும்தான் அவள் சாப்பாடு. வேறு எதைத் தின்றாலும் விழுங்கிய கையோடு தொண்டை அடைத்துக்கொள்ளும். எதைத் தின்றால் உடம்பு சும்மா இருக்கும் என்று தெரிந்தால் போதும். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஏங்க, முதுகைக் கொஞ்சம் பாருங்களேன்."

கணவன் செல்போனும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தான். "ஒட்டினபடியேதான் இருக்கு. நீ அதையே நினைச்சிட்டிருக்கே, அதான் அரிக்குது."

ஆத்திரத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முதுகு அவளுடையதுதான். ஆனால் அதைப் பார்க்க இன்னொருவர் தயவு வேண்டியிருந்தது.

மறுநாள் மதியம், மருந்து நெடியும் யாரோ பிரித்த ரொட்டியின் வாசனையும் கலந்து வயிற்றைக் கிள்ளிய கிளினிக் வராந்தாவில் அவள் காத்திருந்தபோது, பின்னால் யாரோ உட்கார்ந்து எதையோ நிதானமாக மென்று முடித்து உதட்டைச் சப்புகிற, மெல்லிய, ஈரமான சத்தம் கேட்டது. திரும்பினாள். பின்னால் யாருமில்லை. சத்தமும் அவளோடு சேர்ந்து திரும்பியது.

உள்ளே நர்ஸ் ஒவ்வொன்றாக உரித்தார். கை தயங்கியது.

"கிண்ணியில ஒண்ணுமே இல்லையே. ஒன்பதும் வழிச்செடுத்த மாதிரி இருக்கு. வீட்ல பிரிச்சுப் பாத்தீங்களா?"

"சத்தியமா தொடவே இல்லைங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

கத்தவேண்டும் போலிருந்தது அவளுக்கு. இவ்வளவு பொறுத்தும் வீண்.

"இந்தப் பத்தாவதுதான் என்னமோ புடைச்சிருக்கு." கையுறை போட்ட விரல் பிளாஸ்திரிக்கு அடியில் நுழைந்தது.

அரிப்பு நின்றது.

சட்டென்று.

நர்ஸ் அலறினார்.

அவள் திரும்பினாள். நர்ஸ் சுவரோடு ஒட்டி நின்றார். கையுறையின் ஆள்காட்டி விரல் பாதியில் முடிந்திருந்தது. அங்கிருந்து இரத்தம் தரையில் சொட்டியது.

முதுகில் எதுவோ மென்றது. எலும்பு நொறுங்கும் சத்தம். விழுங்கியது. வெதுவெதுப்பாக ஒன்று அவள் வயிற்றுக்குள் இறங்கியது.

இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அடைக்கும். இதோ, இப்போது.

அடைக்கவில்லை. மூச்சு தாராளமாக வந்தது. வயிறு அமைதியாக இருந்தது. எட்டு மாதத்தில் முதல் முறையாக.

நர்ஸ் கதவுக் கைப்பிடியைத் தேடித் தடவினார். அவள் முதுகில் உதடுகள் மெல்லப் பிரிந்தன.