வலைகளுக்கு நடுவே ஒரு சாண்

திருவொற்றியூரில் எங்கள் பள்ளியில் நூறு மீட்டர் ஓட்டம் வைத்தால் முதலில் வருவது நான்தான். ஆன்சி என்றால் எல்லோருக்கும் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

அப்படிப்பட்ட நான் கோ-கோ தேர்வில் பன்னிரண்டே நொடியில் அவுட். வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட வேண்டும். நானோ நேராகப் பறந்தேன். திரும்ப நினைத்தபோது கால் கேட்கவில்லை. சறுக்கி விழுந்து மண்ணைக் கவ்வினேன்.

என் வகுப்புக் கீர்த்தி மட்டும் இரண்டு நிமிடம் அகப்படவே இல்லை. ஓட்டப் பந்தயத்தில் அவள் எப்போதும் கடைசிக்கு முந்தின ஆள்! எனக்கு வயிறு எரிந்தது. எப்படி என்று புரியாமல் மண்டையும் காய்ந்தது.

ஜெயஸ்ரீ டீச்சர் என் முட்டியில் மருந்து போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு தருவதாகச் சொன்னார். ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தால் அணியில் இடம். இல்லையென்றால் இந்த வருடம் வெளியே உட்கார்ந்து கை தட்ட வேண்டியதுதான்.

என்ன பயிற்சி செய்கிறாய் என்று கீர்த்தியிடம் கேட்டேன். ஒன்றுமே இல்லை என்றாள். நம்புவேனா? அன்று மாலையே அவள் கூடக் கிளம்பிவிட்டேன்.

கடலோரக் குப்பத்தில் அவள் வீடு. தெருவுக்குள் நுழைந்ததும் அவளை முந்தலாம் என்று ஓடினேன்.

"பாப்பா, வலைய மிதிக்காத. சோறு போடுற வலை அது."

சொன்னது கீர்த்தியின் அம்மா கன்னியம்மா. குனிந்து பார்த்தேன். தெரு முழுக்க மீன் வலைகள் காய்ந்தன. என் செருப்பு ஒரு வலையின் நட்டநடுவில் இருந்தது. வெட்கத்தில் முகம் சுட்டது. மன்னிப்புக் கேட்டேன். முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் மிதிப்பார்கள் என்று சொல்லி அவர் சிரித்தார்.

எனக்குத் தண்ணீர் கொண்டுவர வீட்டை நோக்கி நடந்தாள் கீர்த்தி. அப்போதுதான் அவள் கால்களைக் கவனித்தேன். வலைக்கும் வலைக்கும் நடுவே ஒரு சாண் இடம். திரும்புவதற்கு முன்பே அவளுடைய எட்டுகள் சின்னதாகின. முட்டி லேசாக மடங்கியது. டக், டக் என்று இரண்டு எட்டு. அவ்வளவுதான், வேறு பக்கம் போய்விட்டாள்.

திரும்பும்போதும் நான் அகல அகலமாகத்தானே கால் வைக்கிறேன்!

"நீ தெனமும் பயிற்சி பண்ணிகினுதான் கீற. உனக்கே தெரியல," என்றேன்.

அந்த வலைகளுக்கு நடுவே பழக எனக்கு மனசு வரவில்லை. மிதித்துவிட்டால்? எங்கள் மொட்டை மாடியில் பழைய சாக்குகளை விரித்து வைத்தேன். கீர்த்தி தினமும் வந்து நீதிபதி மாதிரி உட்கார்ந்தாள். முதல் நாள் பதினேழு தடவை மிதித்தேன். நாலாம் நாள் ஒரே தடவை.

வெள்ளிக்கிழமை வந்தது. என்னைத் துரத்துகிறவர்களில் கீர்த்தியும் ஒருத்தி. அவள் விட்டுக்கொடுக்கவே இல்லை. கை நீட்டி நீட்டித் துரத்தினாள். ஒவ்வொரு முறையும் நான் எட்டைச் சுருக்கி, முட்டியை மடக்கி, அடுத்த இடைவெளியில் புகுந்தேன். இரண்டு முறை அவள் விரல் என் சட்டைக்கு அருகில் வந்தது.

டீச்சர் விசில் ஊதினார். ஒரு நிமிடம் முடிந்தது.

கீர்த்தி மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"நேரா ஓடும்போது நீ இன்னா பண்ற? எனக்கும் காட்டு."

டீச்சர் பட்டியலில் என் பெயரை எழுதியதை நாங்கள் பார்க்கவே இல்லை. இருவரும் மைதானத்தின் அடுத்த கோடிக்கு ஓடிக்கொண்டிருந்தோம்.