சரளைத் திட்டில் நிறுத்திய வண்டி

விடியும் முன், படுக்கை வைத்த வேனின் பக்கக் கதவை இழுத்துத் திறந்து காலைக் கீழே வைத்த இஷ்பெல்லுக்குச் சரளை தட்டுப்படவில்லை. பாதத்துக்கு அடியில் புல் இருந்தது. மெத்தென்று, வெதுவெதுப்பாக, இப்போதுதான் யாரோ படுத்தெழுந்த விரிப்பைப் போல.

சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். சரளைமேல்தான் நிறுத்தினார்கள். அதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அந்த இடத்துக்காக மாலை முழுவதும் அலைந்திருந்தார்கள். சுற்றிப்பார்க்க வந்த அந்தத் தீவில் இருந்த ஒரே முகாமிடத்தைச் சுற்றுலாப் பருவம் முடிந்ததென்று பூட்டிவிட்டார்கள். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய தார்ச்சாலையில் வண்டிகள் ஒதுங்குவதற்காக விட்டிருக்கும் இடத்திலேயே படுத்துக்கொள்ளலாம் என்றான் அவள் கணவன் லக்லன். ராத்திரி டாக்டர் கார் வந்தால் எங்கே ஒதுங்கும் என்று அவள் மறுத்துவிட்டாள். படகுத்துறையில் மீனவர்கள் வலை காயப்போட்டிருந்தார்கள். அங்கிருந்தும் திருப்பச் சொன்னாள். "உன்னைக் கட்டுனதுக்கு ஒரு போலீஸ்காரியைக் கட்டியிருக்கலாம்" என்று முணுமுணுத்தபடியே அவன் திருப்பினான்.

கடைசியில், இருட்டுகிற நேரத்தில், தனியாக நின்ற ஒரு வீட்டுக் கதவை அவள்தான் தட்டினாள். ஆடு வளர்க்கும் முர்டோ என்ற பெரியவர் காலுறையோடு வெளியே வந்து, வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"வீட்டையே முதுகுல கட்டித் தூக்கிட்டு வந்திருக்கீங்க. வைக்க இடம் மட்டும் எங்ககிட்ட கேக்குறீங்க, இல்லையாம்மா?" என்றார். ஆனாலும் ரோமம் கத்தரிக்கும் பட்டியோரம் ஒரு சரளைத் திட்டைக் காட்டினார். "புல்லுல மட்டும் சக்கரம் படக்கூடாது. அடியில பூரா மணலு. வேர் அறுந்துச்சுன்னா காத்து மொத்தத்தையும் வாரிட்டுப் போயிடும்."

லக்லன் ஓட்ட, இஷ்பெல் டார்ச்சோடு முன்னால் நடந்து நான்கு சக்கரங்களும் கல்மேல் நிற்பதைக் குனிந்து பார்த்த பிறகுதான் படுத்தார்கள்.

இப்போது அவனை உலுக்கி எழுப்பினாள்.

"லக்லன், வண்டி நகர்ந்திருக்கு."

"கை பிரேக் போட்டிருக்கேனே" என்றான் தூக்கக் கலக்கத்தில். ஆனாலும் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, டார்ச்சோடு இறங்கினான். கதவை அவனே வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினான்.

டார்ச் வெளிச்சம் திரைச்சீலைக்கு அப்பால் மெல்ல ஊர்ந்து, பின்கண்ணாடியைக் கடந்து, மறுபக்கம் வந்து, அங்கே கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, யாரோ சொன்னதற்குத் தலையாட்டுவதுபோல் மேலும் கீழும் ஆடி, அணைந்தது. அவள் கூப்பிட்டாள். இன்னொரு முறை கூப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் அந்த வாசனை வந்தது. நனைந்த கம்பளியும் புகையிலையும் நாள்பட்டுப் பெட்டியில் கிடந்த கறுப்புக் கோட்டும் கலந்த, ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்தின் பின்வரிசை வாசனை. கூடவே ஈர மணலின் வாடை. எங்கோ ஓர் ஆண் குரல் ஒரு வரியை எடுத்துக் கொடுக்க, பல குரல்கள் அதை இழுத்து இழுத்துப் பாடின. வாய் திறக்காமல் பாடுவதுபோல் இருந்தது. சிறுவயதில் தேவாலயத்தில் அவள் கேட்ட, வேதாகமத்தின் சங்கீதப் பாட்டு. அது வண்டியைச் சுற்றி வந்து கேட்டது. பிறகு மேலிருந்து கேட்டது.

கதவை இழுத்தாள். அசையவில்லை. தோளால் முட்டினாள். வெளியே ஏதோ கனமாகச் சாய்ந்திருந்தது.

திரைச்சீலையை விலக்கினாள்.

கண்ணாடி முழுக்க மணல். அதில் வெள்ளை வெள்ளையாக வேர்கள், இப்போதுதான் வெட்டிய நுனிகளோடு.

முன்னிருக்கைக்குத் தாவினாள். முன்கண்ணாடியும் அப்படித்தான் இருந்தது. சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமக்கூட இல்லை. ஹாரனை அழுத்தினாள். தலையணைக்குள் அலறியதுபோல் அடங்கிப்போனது.

வண்டி ஒரு சாண் இறங்கியது.

நின்றது.

மறுபடி ஒரு சாண். சாயாமல். குலுங்காமல். விழுகிற வண்டி இப்படி இறங்காது. யாரோ இறக்குகிறார்கள்.

விடிகிற வெளிச்சம் கூரைக் கண்ணாடியில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. படுக்கையில் ஏறி நின்று அண்ணாந்து பார்த்தாள்.

நீள்சதுரமான வானம். அதன் இரு ஓரங்களிலும் கறுப்புக் கோட்டுப் போட்ட ஆண்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கயிறு. ஒரே சீராக விட்டுக்கொண்டிருந்தார்கள். அடக்கத்தில் சவப்பெட்டியை இறக்கச் சொந்தக்காரர்கள் கயிறு பிடிக்கும் வரிசையில்தான் நின்றார்கள். மிக நெருங்கியவர் பிடிக்கும் தலைமாட்டுக் கயிறு லக்லன் கையில் இருந்தது.

கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். பெயரைச் சொல்லிக் கத்தினாள். "லக்லன்! நான் இங்கதான் இருக்கேன்! பாரு, இங்கதான் இருக்கேன்!"

அவன் பார்த்தான். நேராக அவள் முகத்தைத்தான் பார்த்தான். பெட்டியின் மூடியைப் பார்க்கிற பார்வை. கன்னம் நனைந்திருந்தது. பக்கத்தில் நின்றவர் அவன் தோளைத் தட்டி, காதருகே ஏதோ சொன்னார்.

அடிப்பாகம் எதிலோ போய் உட்கார்ந்தது. பாட்டு நின்றது.

லக்லன் கயிற்றின் நுனியைக் கைவிட்டான். அது சுருண்டு கண்ணாடிமேல் விழுந்தது. பிறகு மண்வெட்டியைக் கேட்டுக் கை நீட்டினான்.