சந்தனத் தீவில் ஒரு சன்மானம்

பௌர்ணமிச் சந்திரன் சந்தனத் தீவின் கோட்டை மதிலுக்கு மேலே பொற்றாம்பாளம் போல் எழுந்து, நீலவல்லி ஆற்றின் அலைகளில் வெள்ளியை வாரி இறைத்துக்கொண்டிருந்த அந்த அந்தி வேளையில், மிளகு வணிகன் வேடத்தில் படகேறிய சோழ நாட்டு ஒற்றன் பூதன் கண்டனுக்கு அந்த அழகில் மனம் ஒட்டவேயில்லை. முகத்துவாரத்தில் அவனுடைய மரக்கலம் காத்திருந்தது. அங்கே போய்ச் சேருமுன் பிடிபட்டால் தலை போய்விடும். ஆனால், அன்பார்ந்த வாசகர்களே, அவனை வாட்டியது தலையைப் பற்றிய கவலையன்று. கால்களைப் பற்றிய குழப்பம். காலையிலிருந்து ஊரே அவன் காலில் விழுந்துகொண்டிருந்தது.

அவன் செய்த பிழைதான் என்ன? சோறு போட்ட விடுதிக்காரனுக்கு, தஞ்சை வழக்கப்படி, விலைக்கு மேல் ஒரு காசைக் கொடுத்து, வைத்துக்கொள் என்றான். அவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கொடுத்தது போதவில்லை போலும் என்று பல்லக்குத் தூக்கிகளுக்குத் தாராளமாகக் கொடுத்தான். அவர்கள் விழுந்ததோடு நில்லாமல் அழவும் செய்தார்கள். துறைமுகக் காவலனுக்கு ஒன்றும் கொடுக்காமல் நழுவப் பார்த்தான்; அதற்குள் செய்தி எட்டிவிட்டதோ என்னவோ, அவன் தானாகவே விழுந்து எழுந்து கதவையும் திறந்துவிட்டான். அப்படித்தான் கண்டன் உள்ளே நின்ற போர்க்கலங்களைக் கண்ணாரக் கண்டான். ஒன்றிலும் பாய் இல்லை. சிலவற்றில் கோழி அடைகாத்தது. அவன் உளவறிய வந்த செய்தி, சோழர்மீது படையெடுப்பு என்பது, வெறும் புரளி.

படகு மரக்கலத்தை நெருங்கியது. முக்காடிட்ட படகுக்காரிக்குக் கூலி கொடுத்தவன், பழக்க தோஷத்தால் மேலும் ஒரு காசைக் கொடுத்துவிட்டு, கால்களைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டான். அவளோ காசை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடியும் துடுப்பு வலித்தாள்.

"நீ விழவில்லையா, பெண்ணே?"

"எதற்கு?"

"அது எனக்கும் தெரியாது. இங்கே எல்லோரும் விழுகிறார்கள்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். இத்தீவில் விலைக்கு மேல் கொடுக்கும் உரிமை அரச குலத்துக்கு மட்டுமே உண்டாம். வேறு யாரேனும் கொடுத்தால் கழுத்துக்கு மேல் எதுவும் மிஞ்சாதாம். அதனால்தான், இளவரசர் மாறுவேடத்தில் உலாவுகிறார் என்று ஊரெங்கும் பேச்சாம்.

"எங்கள் அரசருக்கோ ஆண் மகவே இல்லை" என்றாள்.

கண்டனின் கை இடைவாளைத் தேடியது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் கழுத்திலிருந்த முத்துச்சரத்தைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"பாயில்லாத கலங்களைப் பார்த்தீர் அல்லவா? உம் மன்னரிடம் அதை அப்படியே சொல்லும். போர் வேண்டாம்."

"இது செய்தி சொல்வதற்குக் கூலியா?"

"கூலிக்கு மேல்."

காலையிலிருந்து விளங்காதது அப்போதுதான் விளங்கியது. அவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்; படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து இருவரையும் நனைத்தது.

"எழுந்திரும், வணிகரே" என்றாள் இளவரசி, முக்காட்டைப் பிழிந்துகொண்டே. "எனக்குத் தெரியாமல் எனக்கோர் அண்ணனா என்று பார்க்கத்தான் துடுப்பைப் பிடித்தேன். நீர் அண்ணன் இல்லை என்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை."