செருப்பு அலமாரியில் வளையல்கள்

டீச்சரின் இரண்டு தங்க வளையல்கள் காணாமல் போன அரை மணி நேரத்துக்குள், திருடன் யார் என்று மொத்தக் கட்டடமும் முடிவு கட்டிவிட்டது. அதற்குப் பெரிய மூளை ஒன்றும் தேவைப்படவில்லை. மூன்றாம் மாடி மூலை வீட்டுத் தையல்காரரின் படமும் பெயரும் முகவரியும் பத்து வருடங்களாகக் காவல் நிலையப் பலகையில் இருந்தன. இணையத்திலும் இருந்தன. வீடு புகுந்து திருடித் தண்டனை பெற்றவர்களின் பட்டியல் அது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

தேடிப் பார்த்ததில், தையல்காரர் வீட்டு வாசலுக்கு வெளியே நிற்கும் செருப்பு அலமாரியில், ஒரு பழைய ஷூவுக்குள் வளையல்கள் கிடைத்தன. விஷயம் முடிந்தது என்று அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்தப் பட்டியலைப் பராமரிக்கும் குழுவின் விசாரணை அதிகாரிக்கு மட்டும் முடியவில்லை. அலுவலகத்தில் அந்த அம்மாளுக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர். எதையும் ஒரு தடவை சலித்துப் பார்க்காமல் விடமாட்டார். வீட்டில் பேசக் காத்திருக்கிற ஆள் யாரும் இல்லை, அதனால்தான் வேலையை இப்படி இழுத்துப் போட்டுக்கொள்கிறார் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் குழு கூடுகிறது. பத்து வருடம் எந்தத் தப்புத்தண்டாவுக்கும் போகாத தையல்காரரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். வளையல் கேஸ் உண்மையானால் பெயர் ஆயுசுக்கும் நீங்காது.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சல்லடை மூன்றாம் மாடி ஏறினார். மூலை வீட்டு வாசலில் அழைப்பு மணியை அழுத்தினார். காத்திருந்தார். பிறகு கதவைத் தட்டினார். உடனே திறந்தது.

உள்ளே ஒரு தையல் மிஷின், ஒரு கட்டில், ஒரே ஒரு நாற்காலி. தையல்காரர் நாற்காலியை அவருக்குப் போட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நேத்து நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"இங்கதான் மேடம். கடைக்காரருக்குத் திரைச்சீலை தைச்சிட்டிருந்தேன்."

"அதைப் பார்த்தவங்க?"

"என்னை யாரு மேடம் பார்ப்பாங்க?" அலுப்பில்லாமல், கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் சொன்னார்.

"துணி கொடுக்க ஆள் வருவாங்களா?"

"நானே கடைக்குப் போய் எடுத்துட்டு வந்துடுவேன். கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்கு நானே போயிடுவேன். இங்க யாரும் வர வேண்டிய அவசியமே கிடையாது."

பால்கனியின் பக்கச் சுவர்மேல் ஒரு சதுரங்கப் பலகை இருந்தது. ஆட்டம் பாதியில் நின்றிருந்தது.

"அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன். தபால்காரரா இருந்து ரிட்டயர் ஆனவர். சாயங்காலம் அவர் அந்தப் பக்கம் நிப்பார், நான் இந்தப் பக்கம். ஆறு வருஷமா ஆடறோம். இந்தக் கட்டடத்துல என்கிட்ட பேசறது அவர் ஒருத்தர்தான்."

"பேரை நீக்கச் சொல்லி மனு போட்டது யாருக்கெல்லாம் தெரியும்?"

"அண்ணனுக்கு மட்டும். மகள் வரச் சொல்லிக்கிட்டே இருக்கா மேடம். பேத்தி பொறந்து ரெண்டு வருஷமாச்சு, இன்னும் கையில தூக்கல. பேரு பலகையில இருக்கற வரைக்கும் வாசல்படி மிதிக்கக் கூடாதுன்னு சம்பந்தி வீட்ல சொல்லிட்டாங்க."



மேல் மாடியில் டீச்சர் கோபமாக இருந்தார். நான்கு மணிக்குப் பூங்காவுக்கு நடக்கப் போனாராம். ஐந்து மணிக்கு வந்தால் மேசைமேல் வைத்த வளையல்கள் இல்லை. பூட்டு உடையவில்லை.

"சாவி?"

"பூந்தொட்டிக்கு அடியில வெச்சிருந்தேன். நான் ஊருக்குப் போனா செடிக்குத் தண்ணி ஊத்தணுமே. அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் தெரியும்."

"தையல்காரருக்கு?"

டீச்சர் ஒரு கணம் யோசித்தார். "அவர்கிட்ட யாரும் பேசறதில்லையே. யாரு சொல்லியிருப்பா?"

"தண்ணி ஊத்தறது யாரு?"

"நம்ம தபால்காரர்தான். தங்கமான மனுஷன்."

தங்கமான மனுஷன் கீழே தன் வீட்டில் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். சுவரில் மனைவியின் படம். சமையல் மேடையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். அதிகாரிக்கு அது தன் வீட்டுச் சமையல் மேடை மாதிரியே இருந்தது.

"சொல்ல மனசே வரல மேடம். தம்பி நல்லவன்தான். ஆனா கேட்டுட்டீங்க, பொய் சொல்லக் கூடாது. நேத்து நாலரைக்கு அவன் வீட்டு பெல்லை அடிச்சேன். வரல. வீட்ல இல்ல."

"உள்ள மணி கேட்டுச்சா?"

"டிங் டாங்னு நல்லாக் கேட்டுச்சு. மூணு தடவை அடிச்சேன். பெல் அடிச்சே வயித்தைக் கழுவினவன் மேடம் நான், உள்ள மணி கேட்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

"தூங்கியிருக்கலாமே?"

"அந்தச் சத்தத்துக்குச் செத்தவனும் எந்திரிப்பான்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதனால அவன் இங்கயேதானே மேடம் இருப்பான்? ஜெயிலுக்கு எல்லாம் அனுப்ப மாட்டீங்களே? பொருள்தான் கிடைச்சிடுச்சே."

சல்லடை எழுந்தார். மறுபடியும் தையல்காரர் வீட்டுக்குப் போய், தபால்காரர் சொன்னதைச் சொன்னார். தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை.

"அண்ணன் சொன்னா அடிச்சிருப்பார் மேடம். நான் மிஷின்ல இருந்திருப்பேன், காதுல விழுந்திருக்காது."

"மணிக்குக் கடைசியா எப்போ பேட்டரி மாத்தினீங்க?"

"பேட்டரியா? அதுல பேட்டரி இருக்கா?"

அதிகாரி நாற்காலியில் ஏறிக் கதவுக்கு மேலே இருந்த மணிப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். பேட்டரிகள் கசிந்து, வெடித்து, கம்பிகள் எல்லாம் பச்சை பூத்துப் போயிருந்தன. ஒரு நாளில் ஆகிற காரியமில்லை, வருடக்கணக்கில் ஆகியிருக்க வேண்டும். தையல்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் வீட்டு மணி செத்துப்போனது கூட இவ்வளவு நாளாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. அழுத்த ஒரு ஆள் வந்திருந்தால்தானே தெரியும்!

தபால்காரரை அழைத்து வந்து வாசலில் நிறுத்தினார்கள். அதிகாரி பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை.

"நீங்க கேட்ட டிங் டாங் உங்க வீட்டுது. கட்டடம் கட்டினப்ப எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி மணிதான் வெச்சாங்க. இங்கேயும் அப்படித்தான் கேட்கும்னு நினைச்சு சொல்லிட்டீங்க. ஆறு வருஷ சிநேகிதம், ஆனா ஒரு தடவை கூட இந்த வாசல்ல வந்து நிக்கல. பால்கனில நின்னு பேசினா யார் கண்ணுலயும் பட வேண்டியதில்ல. இங்க நின்னா மத்தவங்க பார்ப்பாங்க. அப்படித்தானே?"

தபால்காரர் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர் சாவி உங்களுக்குத் தெரியும். மனு விஷயம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வளையலை விக்கறதுக்கா எடுத்தீங்க? இல்ல. கிடைக்கணும்னுதான் வெளி அலமாரில வெச்சீங்க. பேரு பலகையிலயே இருந்துட்டா மகள் வீட்டுக்குப் போக முடியாது. இங்கயே இருப்பார்."

கிழவர் சுவரில் சாய்ந்தார். அதிகாரியைப் பார்க்காமல் தையல்காரரிடம் பேசினார்.

"நீ போயிட்டா சாயங்காலம் நான் யார்கிட்ட தம்பி பேசுவேன்? ஒரு வார்த்தை பேச ஆள் இல்லாம சுவத்தையே பார்த்துட்டு இருக்க முடியுமா?"

"எனக்கு மட்டும் யாரு இருந்தாங்க அண்ணே? நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க."

தையல்காரர் திரும்பிக்கொண்டார். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் குழு அவர் பெயரை நீக்கியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே தாழ்வாரத்தில் மகள் குழந்தையோடு காத்திருந்தாள். கதவுவரை போன தையல்காரர் திரும்பி வந்தார்.

"மேடம், அண்ணன் பேரு பட்டியல்ல வருமா?"

"டீச்சர் வீட்டுக்குள்ள போய் எடுத்திருக்கார். கோர்ட்டு தண்டிச்சா, சேர்க்கணுமான்னு இதே குழுதான் பார்க்கும்."

"அப்போ என் சார்பா ஒண்ணு சொல்லி வைங்க. சேர்க்க வேண்டாம்."

"மன்னிச்சிட்டீங்களா?"

"இல்ல மேடம். மன்னிக்க எல்லாம் முடியல. ஆனா அந்தப் பலகையில பேரு இருந்தா ஒரு மனுஷன் வீடு எப்படி இருக்கும்னு நீங்களே வந்து பார்த்தீங்க. அந்த வீட்ல அவரால ஒரு மாசம் கூட இருக்க முடியாது."

சல்லடை அதை அப்படியே எழுதிக்கொண்டார்.