தலையசைப்புக்குக் கட்டணம்

பிலோமினாவின் கடைக்கு வருகிறவர்கள் முதலில் முழங்காலைக் கழற்றிக் கொடுப்பார்கள். கால் மணி நேரம் பெஞ்சில் காத்திருந்துவிட்டு, சுத்தமாகித் திரும்பிவரும் மூட்டை மாட்டிக்கொண்டு நடந்து போவார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் செயற்கை மூட்டு வந்துவிட்ட காலம். திண்டுக்கல்லில் மட்டும் இப்படி முப்பது கடைகள் இருந்தன. உள்ளறையில் மூட்டுகளைப் பிரித்துத் துடைப்பது அவள் கணவன் சவரிராஜின் வேலை. வாசலைக் கவனிப்பதும் விளம்பரம் எழுதுவதும் அவளுடையது.

விளம்பரம் என்றால் சுவரொட்டி இல்லை. எல்லோர் காதுக்குப் பின்னாலும் செவித்துளி என்றொரு சில்லு இருந்தது. எதையாவது தேட நினைத்தாலும், சும்மா இருந்தாலும், அது ஒரே ஒரு வரி விளம்பரத்தைக் கேட்கிறவருக்குப் பிடித்த குரலில் சொல்லும். தலையசைத்தால் கடையின் முகவரியைச் சொல்லும். அந்தத் தலையசைப்புக்குத்தான் கடைக்காரர் கட்டணம் கட்ட வேண்டும்.

'தரமான சேவை, நம்பிக்கையான கைகள், உங்கள் திருப்தியே எங்கள் நோக்கம்' என்று பிலோமினா எழுதியிருந்தாள். அந்த மாதம் நானூறு பேர் தலையசைத்தார்கள். கடைக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

காரணத்தைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கத்துரைதான் காட்டிக்கொடுத்தார். மூட்டுக்குக் காத்திருந்தவர் காற்றைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"என்னண்ணே, என்ன சொல்லுது?"

"கல்யாண மண்டபமாம்மா. ஏசி ஹாலாம்."

"வீட்ல விசேஷமா?"

"அதெல்லாம் இல்ல. பொண்ணுக்குக் கல்யாணமாகிப் பேரனே காலேஜ் போறான். ஒருத்தர் பேசுறப்ப மரம் மாதிரி உட்கார்ந்திருக்க முடியுமா?"

அன்று மதியம் அவளுக்கு விஷயம் புரிந்தது. நானூறு பேரில் பெரும்பாலோர் தன் வரிக்கு மரியாதைக்காகத்தான் தலையசைத்திருக்கிறார்கள். பாராட்டிச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்கத் தூண்டுகிற வரி வேண்டும். தேவையில்லாதவர் தயங்காமல் 'இல்லை' என்று தலையை ஆட்டிவிட வேண்டும். தேவையுள்ளவர் மட்டும் ஆமோதிக்க வேண்டும்.

சவரிராஜ் உதிரிபாகம் வாங்கச் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் பழைய வரியை அழித்தாள். 'நம்பிக்கை', 'திருப்தி' எல்லாம் போயின. ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது.

'படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறதா?'

மூட்டு என்று தேடுகிறவர்களுக்கு மட்டும் அது போகும்படி வைத்தாள். சொந்த ஊரைத் தாண்டிப் போகாதபடியும் பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரம் பத்தொன்பது பேர்தான் தலையசைத்தார்கள். அதில் பதினெட்டுப் பேர் கடைக்கு வந்துவிட்டார்கள். பெஞ்சு போதாமல் பக்கத்து டீக்கடையில் இரண்டு ஸ்டூல் கடன் வாங்க வேண்டியதாயிற்று. சவரிராஜ் உள்ளறையில் குனிந்த தலை நிமிரவே இல்லை.

வராத அந்த ஒருவரையும் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று சனிக்கிழமை பிலோமினா பட்டியலைத் திறந்தாள். பதினொன்றாவது பெயர்: ச. சவரிராஜ். முகவரி, அவர்கள் வீடு.

ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தாள். உள்ளறைக்குப் போய்க் கேட்டாள். அவர் கையிலிருந்த மூட்டைக் கீழே வைக்கவில்லை.

"செவ்வாக்கிழமை சந்தையில மூட்டுக்கு வாஷர் தேடினேன். அப்ப கேட்டுச்சு. படி இறங்கும்போது வலிக்குதான்னு. ஆமான்னேன்."

"வலிக்குதா உங்களுக்கு?"

"ரெண்டு வருஷமா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் மூட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சொல்லணும்னு தோணல. யாரோ கேட்டாங்களேன்னு அப்ப சந்தோஷமா இருந்துச்சு. தலையாட்டினதும் நம்ம கடை விலாசத்தைச் சொல்லிச்சு. விளம்பரம்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் என்னத்தச் சொல்ல?"

தினமும் எட்டு மணிக்கு இருவரும் வீட்டு மாடியிலிருந்து சேர்ந்துதான் இறங்குவார்கள். அவள் முன்னால். இருபத்திரண்டு படிகள். அந்த நேரத்தில் அவள் காதுக்குள் எப்போதும் வேறு யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். அவளும் தலையசைத்தபடியே இறங்குவாள்.

வாசலில் காத்திருந்தவர்களிடம் அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தன் கையாலேயே அவருடைய செயற்கை மூட்டைக் கழற்றினாள். உள்ளே வாஷர் பாதியாகத் தேய்ந்திருந்தது. பிலோமினா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இத்தனை கடைகளின் வரிகளில் தன் வரி மட்டும் ஏன் பலித்தது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கடைக்கு வந்தவர்களையும் வலிக்கிறதா என்று வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மாத முடிவில் செவித்துளி நிறுவனம் சவரிராஜின் தலையசைப்புக்கும் சேர்த்தே கட்டணம் பிடித்துக்கொண்டது. அவள் ஆட்சேபிக்கவில்லை.