பன்னிரண்டை எடு

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி இரண்டாவது சந்தில் இருக்கிறது அந்த நாடக அரங்கம். நான் போனபோது மதியம் மூன்று மணி. வெளியே வெயில் மலையைச் சுட்டுக்கொண்டிருந்தது. கதவைத் தாண்டியதும் கண் இருண்டுவிட்டது. சுவர், தரை, திரை எல்லாம் கறுப்பு. ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

மேடை விளக்குகளை ஏற்றி இறக்கும் லைட் போர்டு செய்கிற சென்னைக் கம்பெனியில் எனக்கு வேலை. படிப்பைப் பாதியில் விட்டவனுக்குக் கிடைத்தது ராத்திரி ஷிஃப்ட். வருகிற புகார்களைப் படித்துப் பதில் போட வேண்டும்; சின்னப் பழுதென்றால் போர்டின் நிரலை நானே திருத்த வேண்டும். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் என்பதால் இந்தப் புகாருக்கு என்னையே அனுப்பினார்கள்.

படிவத்தில் இரண்டே வரி. பழுது: பன்னிரண்டாம் விளக்கு தினமும் நாலு பத்துக்குத் தானாக ஏறுகிறது. வேண்டிய புது வசதி: ‘எடு’ என்றால் எந்த எடு என்று போர்டு திருப்பிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது வரியை ஆபீசில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்திருந்தேன்.

அரங்க மேலாளர் கோபி உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று பேசினார். "போர்டு ஓட்டறது மதிவதனி. வீட்டுக்காரர் போனதுலேர்ந்து அது ஆளே சரியில்ல. அதுவே ஏத்திட்டு அதுவே பயப்படுதோன்னு எனக்கு டவுட்டு. பாத்துச் சொல்லுங்க."

மதிவதனிக்கு நாற்பது வயதிருக்கும். போர்டின் முன்னால், கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"கீழ்பென்னாத்தூர்க்கா."

"வெறுங்கையோட வந்துட்டீங்க. ரெண்டு படி மல்லாட்டை கொண்டாந்திருக்கலாமில்ல."

சிரிக்காமல் சொன்னார். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர்.

வேலையைத் தொடங்கினேன். எந்த விளக்கு எவ்வளவு எரிய வேண்டும் என்று போர்டில் பதிந்துவைத்திருந்த காட்சிகளை எல்லாம் அழித்தேன். விளக்குகளுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி ஓரமாகப் போட்டேன். ஏணி ஏறிப் பன்னிரண்டாம் விளக்கின் பின்மூடியைத் திறந்தேன்.

உள்ளே பல்பே இல்லை.

"அன்னைக்கே கழட்டிட்டாங்க" என்றார் கீழே இருந்து.

இறங்கி வந்ததும் அவரே ஆரம்பித்தார். கணவர் பெயர் பலராமன். அடி அண்ணாமலையில் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். அன்று பௌர்ணமி. அரங்கத்தில் ஏணி ஏறுகிற ஆள் கிரிவலப் பாதையில் கடை போடப் போய்விட்டான். மறுநாள் நாடகம். ‘ஒரு மணி நேர வேலைதானே, நான் ஏறுறேன்’ என்று மனைவிக்காக வந்திருக்கிறார்.

"அவரு விளக்கைத் திருப்பி வெளிச்சம் எங்க விழுதுன்னு பாக்கறதுக்காகப் பன்னெண்டைக் கம்மியா எரிய வச்சிருந்தேன். அவருக்குக் கரண்டு அடிச்சிருக்கு. எடு, எடுன்னாரு. ரெண்டு தடவை. வீட்டுல ஃப்யூஸை எடுன்னா கரண்டை நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியாதா? இங்க காதுல எடுன்னு விழுந்துச்சு. கண்ணு முன்னாடி எடுன்னு பட்டன். அழுத்திட்டேன்."

அந்தப் பட்டனை அழுத்தினால் விளக்கு முழுசாக ஏறும்.

"நான் அழுத்தறதுக்கு முன்னாடியே போர்டு தானா ஏத்திடுச்சோன்னு ஒரு நெனப்பு. இப்பவும் தானா ஏறுதில்ல? அதான் உங்கள வரச் சொன்னேன். உள்ள பதிவு இருக்குமாமே. பாத்துச் சொல்லுங்க தம்பி. போர்டா, நானா?"

போர்டின் திரையில் பதிவைத் திறந்தேன். தேதி, நேரம், விளக்கு எண், ஏற்றியது எது என்று வரிசையாக இருக்கும். அந்தப் பௌர்ணமிக்குப் போனேன்.

மாலை 4.10. பன்னிரண்டு. முப்பதிலிருந்து நூறு. ஏற்றியது: கை.

போர்டு என்று பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்கும் அந்தத் திரையைப் படிக்கத் தெரியும்.

"உங்க கைதான்க்கா."

தலையாட்டினார்.

"பட்டனுக்கு எடுன்னு பேர் வச்சது நானு" என்றேன். "நாப்பது பட்டனுக்குத் தமிழ்ல பேர் வைக்கச் சொன்னாங்க. ஒரே ராத்திரியில எழுதினேன். யோசிக்கல."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். மணியைப் பார்த்துவிட்டு, "நாலு ஒம்பது ஆவுது" என்றார்.

முதலில் வாசனைதான் வந்தது. நெடுநாள் எரியாத விளக்கைப் போட்டால் அதன் தூசி கருகும். அந்த வாசனை.

பிறகு ஒரு சன்னமான ரீங்காரம். அரைகுறைக் கரண்டில் பல்புக் கம்பி அப்படித்தான் பாடும்.

பல்பு இல்லை. ஒயர் என் காலடியில் கிடந்தது.

திரையில் பன்னிரண்டுக்கு நேரே எண் ஏறியது. ஐந்து. பதினாறு. முப்பது.

மேடைத் தரையில் மங்கலாக ஒரு மஞ்சள் வட்டம்.

"எடு."

மேலேயிருந்து வந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல்.

மதிவதனி போர்டில் பன்னிரண்டாம் விளக்கை ஏற்றி இறக்கும் கட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அது ஏற்கெனவே அடியில்தான் இருந்தது. இறக்க இடமில்லை. நகம் பெயர்வதுபோல் இழுத்துக்கொண்டே இருந்தார்.

"எடு."

"எடுத்துட்டேன்யா" என்றார் மெதுவாக. "எடுத்துட்டேன். இதுக்குமேல இறங்க மாட்டேங்குது."

வட்டம் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு போய்விட்டது.

அவர் அழுது முடிக்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புது வரி ஒன்று விழுந்திருந்தது. ஏற்றியது: நினைவு. பதிந்துவைத்த காட்சியிலிருந்து ஏறினால் அப்படிக் காட்டும். காட்சிகள் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முன்பு நானே அழித்திருந்தேன்.

கோபியிடம் பழுது போர்டில்தான் என்று சொன்னேன். சென்னைக்குப் போய் நான்கு ராத்திரி உட்கார்ந்து போர்டின் நிரலை மாற்றி எழுதினேன். பட்டனில் ‘எடு’ கிடையாது. பன்னிரண்டு எந்த வழியில் ஏறினாலும் போர்டு முதலில் கேட்கும்: ஏற்றவா, அணைக்கவா? பதில் அழுத்தினால்தான் அடுத்தது. அதை இணையம் வழியாக அந்தப் போர்டில் ஏற்றினேன்.

ஒரு வாரம் கழித்து மதிவதனிக்குப் போன் போட்டேன்.

"நான் வேலைய விட்டுட்டேன் தம்பி" என்றார். "ஹாலையே பூட்டிட்டாங்க. போர்டு உள்ளதான் கெடக்குது. இப்பவும் ஏறுதா?"

"பாத்துச் சொல்றேன்க்கா."

பூட்டிய அரங்கிலிருந்து அன்றைய பதிவு என் திரைக்கு வந்திருந்தது.

மாலை 4.10. பன்னிரண்டு. ஏற்றவா, அணைக்கவா?

பதில்: அணை.

ஒரு தடவை அழுத்தினாலே போதும். இரண்டு தடவை அழுத்தியிருந்தது.